மாதிரி வீட்டில் காய்ச்சிய பால்

கனகராஜுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. நாலு நம்பர் லாட்டரி எடுக்கும் பழக்கமும் கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் அகராதி பார்ப்பது. சிரிக்க வேண்டாம், கெட்ட பழக்கம்தான். குடித்தவன் தன் வீட்டை மட்டும் கெடுப்பான். கனகராஜ் அகராதி பார்த்ததில் முப்பத்து நாலு குடும்பத்தின் வீடு போனது, அவனுடைய அக்கா வீடும் சேர்த்து.

ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வாசலில் அவன் ஜாகா, அதாவது காவல்காரன். பகல் முறை. கார் வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். மீதி நேரத்தில் மேல் அட்டை போன ஒரு பழைய ஆங்கில அகராதியை மடியில் விரித்துக்கொள்வான். சாதாரண அகராதி இல்லை அது. ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது, எப்போது பொருள் மாறியது என்று சொல்கிற தடித்த புத்தகம். தொண்ணூற்றொன்பதில் அவன் பிறந்த ரப்பர் தோட்டம் கைமாறியபோது ஆபீஸில் இருந்த காகிதங்களை எல்லாம் வெளியே குவித்து நெருப்பு வைத்தார்கள். கனகராஜ் ஒரு குச்சியால் அதை வெளியே இழுத்துப்போட்டான். அட்டை எரிந்துவிட்டது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

அவன் பிறந்தது சித்தியவான் போகிற சாலையில் உள்ள பதினேழாங்கட்டைத் தோட்டத்தில். அப்பா பாம்பு கடித்து இறந்தபோது அவனுக்கு எட்டு வயது, அக்கா செல்லாயிக்குப் பதினாலு. அடுத்த வாரமே செல்லாயி பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, பால்வெட்டும் உளியை எடுத்துக்கொண்டு, விடியுமுன் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய்விட்டாள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் போய் மரம் வெட்டி, வாளியில் பால் தூக்கி, தம்பியைப் பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்தாள். ஆங்கிலத்தில் அவன்தான் பள்ளியில் முதல். தோட்டத்துக்கு எந்தக் கடிதம், அவர்கள் பேச்சில் சூரத், வந்தாலும் கனகராஜிடம்தான் கொண்டுவருவார்கள். படித்துவிட்டு என்ன ஆனான் என்று கேட்டால், லாரியில் கிளீனராக இருந்தான், பலகைத் தொழிற்சாலையில் இருந்தான், பிறகு ஜாகா. அக்கா முப்பத்து நாலு வருஷம் மரம் வெட்டினாள். அந்தப் படிப்பு இன்று பிறத்தியார் காருக்குக் கட்டை தூக்குகிறது. இது அவனுக்கு நாள் தவறாமல் உறுத்தும். யாரிடமும் சொல்லமாட்டான்.

இரண்டாயிரத்துப் பத்தில் தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கியது. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் மிச்சம் இருந்தவை முப்பத்து நாலு குடும்பங்கள். எல்லோருக்கும் அதே தோட்டத்தின் ஓரத்தில் மூன்று அறை வைத்த கல்வீடு கட்டித் தருவோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. செல்லாயி அதுவரை தனக்கென்று எதையும் கேட்டவள் இல்லை. புருஷன் ராஜு செத்து, இரண்டு பெண்களையும் ஜொகூருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். அவளும் அந்தச் சூரத்தைக் கொண்டுவந்து தம்பி முன்னால் வைத்தாள்.

"நம்ம பேருலதான எழுதியிருக்கு? நல்லா பாத்துச் சொல்லு தம்பி. சாவுறப்ப நம்ம வீட்டுல சாவணும். தோட்டத்து வீட்டுல செத்தா மறுநாளே சாவியக் கேப்பான்."

கனகராஜ் நல்லாத்தான் பார்த்தான். அந்தக் கடிதத்தில் 'பில்ட்' என்ற வார்த்தை ஏழு இடத்தில் வந்தது. கட்டுவது. எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை, ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இவன் அதோடு விட்டானா? அகராதியைத் திறந்தான்.

திறந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சொல் முதலில் சுவர் எழுப்புவதைக் குறிக்கவே இல்லையாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரன் பேச்சில் 'போல்ட்' என்றால் குடியிருக்கும் இடம். அதிலிருந்து வந்ததுதான் பில்ட்: குடியிருக்க ஓர் இடம் பண்ணிக்கொள்வது. கப்பலையும் பாலத்தையும், உடம்பையும் நம்பிக்கையையும் 'பில்ட்' பண்ண ஆரம்பித்ததெல்லாம் பிற்பாடு. வேரைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் கிடப்பது 'இருத்தல்' என்ற ஒரே பொருள். ஆங்கிலத்தில் 'இரு' என்று சொல்கிற 'பீ'யும் அந்த வேர்தான். சமஸ்கிருதத்துக்குப் போனால் பவனம், பூமி. அந்தப் பூமியை மலாய்க்காரரும் வாங்கிப் பூமி என்றே வைத்துக்கொண்டார். பக்கத்துவீட்டுக்காரனைச் சொல்கிற 'நெய்பர்', புருஷனைச் சொல்கிற 'ஹஸ்பண்ட்' இரண்டுக்கும் பின்பாதி அதே குடியிருப்புத்தான்.

இன்னொரு வார்த்தையும் அதே வேரில் இருந்தது. 'பாண்டேஜ்', அதாவது அடிமைத்தனம். முதலில் நிலத்தில் குடியிருந்து உழுகிறவனுக்குப் 'பாண்ட்' என்று பேர். நிலத்துக்கு ஒரு துரை வந்து சேர்ந்ததும் அதே பேர் அடிமைக்கு ஆகிப்போனது. இதைப் படித்தபோது கனகராஜுக்கு என்னவோ போல் இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் யாருக்கும் சொல்லவேண்டாம் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் தகரக் கொட்டகையில் கூட்டம். கமிட்டிச் செயலாளர் சதாசிவம், கம்பெனிக்காரன் வார்த்தையை நம்பலாமா கூடாதா என்று பேச்சை எடுத்தார். கனகராஜ் அகராதியோடு எழுந்து நின்றான். அரைமணி நேரம் பேசினான். அவ்வளவு நேரம் அவன் பேசி யாரும் பார்த்ததில்லை.

"செவுரு வச்சா மட்டும் கட்டுனதா ஆவாது. உள்ள ஆளு குடியிருந்தாத்தான் கட்டுனதா அர்த்தம். இங்கிலீஷ்லயே அப்படித்தான் இருக்கு. நம்ம வழக்கமும் அதானே? பால் காய்ச்சினாத்தான் வீடு. அது வரைக்கும் வெறும் செங்கல்லு. அதனால நான் சொல்றேன், மொத வீட்ட காட்டுறதுக்குக் கூப்புடுவான்ல, அன்னைக்கே பால் காய்ச்சிப்புடுவோம். பால் பொங்கின வீட்டுல இருந்து எவனும் நம்மள எறக்க முடியாது."

கைதட்டல் தகரத்தில் மழை விழுந்த மாதிரி எழுந்தது. முன்வரிசையில் செல்லாயி உட்கார்ந்திருந்தாள். கை தட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாமல் போனால்கூடப் பரவாயில்லை. இது கறியையே கெடுத்தது.

மூன்று மாதத்தில் சாலையோரம் ஒரு வீடு எழும்பியது. மஞ்சள் சாயம், சிவப்பு ஓடு, வாசலில் இரும்புக் கதவு. 'ருமா சொந்தோ' என்று பலகை மாட்டியிருந்தார்கள். மாதிரி வீடு, இதைப் போல முப்பத்து நாலு வரும் என்று காட்டுவதற்காக வைத்தது. மாதிரியாக இருந்தால் என்ன, வீடு வீடுதானே என்றான் கனகராஜ். எல்லோரிலும் அதிக வருஷம் மரம் வெட்டினவள் செல்லாயி. அவள் கையால் காய்ச்சட்டும் என்று முடிவானது. கம்பெனியிலிருந்து வந்த மேனேஜர் தடுப்பான் என்று பயந்தார்கள். அவன் தடுக்கவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "போலே, போலே", தாராளமாகச் செய்யலாம் என்று கையைக் காட்டி உள்ளே விட்டான். ஒரு பத்திரிகைக்காரரையும் அவனே வரவழைத்திருந்தான். அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

செல்லாயி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். சமையலறையில் கேஸ் அடுப்பை வைத்து, புதுப் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டி, பால் ஊற்றினாள். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பானை சரியாமல் துணியைக் கொடுத்துப் பிடித்திருந்தவன் கனகராஜ். அந்த நேரத்தில் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். இரண்டு நாள் கழித்து, மலாய்ப் பத்திரிகையிலும் தமிழ்ப் பத்திரிகையிலும் கால் பக்கத்துக்கு வந்தது: முன்னாள் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்த வீடு. ஊரே வாங்கிப் படித்தது. கனகராஜ் மட்டும் ஆறு பிரதி வாங்கினான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகாது, நடந்தது அவ்வளவு குறைவு. முப்பத்து நாலு வீட்டுக்கு அஸ்திவாரக் கம்பி நட்டார்கள். கம்பி துருப்பிடித்தது. மேனேஜர் மாறினான், கம்பெனிப் பேர் மாறியது, பிறகு கம்பெனியே இல்லை என்றார்கள். கம்பிகளை இரவோடு இரவாக யாரோ வெட்டிக்கொண்டு போனார்கள். சதாசிவம் ஈப்போவுக்குக் குடிவந்து வேன் ஓட்டினார். மற்றவர்கள் லகாட், சுங்கை சிப்புட், ஜொகூர் என்று பிரிந்தார்கள். மாதிரி வீட்டில் கொஞ்சநாள் உரமூட்டை அடுக்கினார்கள். அப்புறம் சன்னல் கண்ணாடி உடைந்து குருவிகள் குடியேறின. செல்லாயி அசையவில்லை. கனகராஜும் மனைவி புஷ்பலதாவும் எத்தனையோ தடவை வந்துவிடச் சொன்னார்கள். "வீடு வரட்டும். என்னைக்காவது வந்துதானே ஆவணும்" என்று சொல்லிக்கொண்டே பதின்மூன்று வருஷம் அந்த லயத்தில் இருந்தாள். கடைசியில் அவளோடு இருந்தது மூன்றே குடும்பம்.

இந்த வருஷம் நிலத்தை வேறொருவர் வாங்கினார். லயத்தையும் மாதிரி வீட்டையும் மாதக் கடைசியில் இடிக்கப்போவதாகச் சூரத் ஒட்டினார்கள். நிலம் யார் கைக்குப் போனாலும் வீடு கொடுக்கிற பொறுப்பு தீராது, அரசாங்கத்தில் பதிவு இருக்கிறது என்று கனகராஜுக்கு நம்பிக்கை. ஒரு நாள் லீவு போட்டு, கடிதம், ஊதியச்சீட்டு, அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு ஈப்போவில் அந்தப் பதிவை வைத்திருக்கும் இலாகா ஆபீஸுக்குப் போனான்.

முகப்பில் இருந்தது ஷர்மினி என்று ஒரு தமிழ்ப்பெண். நல்ல பெண். அவனை உட்கார வைத்து, உள்ளே போய் முக்கால் மணி நேரம் தேடி, தூசி தட்டி, கோப்பைக் கொண்டுவந்தாள். திறந்து படித்தாள். முகம் மாறியது.

"அங்கிள், இந்த ஃபைல் மூடியாச்சு லா. செலெசாய்னு சாப் அடிச்சிருக்கு. ரெண்டாயிரத்துப் பன்னண்டுலயே."

"செலெசாயா? என்னாம்மா முடிஞ்சிச்சு? வீடு எங்க இருக்கு?"

"வீடு குடுத்தாச்சுன்னு இருக்கு. இந்தா பாருங்க, பத்திரிகையில படத்தோட வந்திருக்கு. இதத்தான் ஆதாரமா வச்சிருக்காங்க."

அவள் கோப்பைத் திருப்பி வைத்தாள். செல்லாயி பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டிருந்தாள். பால் வழிந்துகொண்டிருந்தது. படத்தின் ஓரத்தில், பானையைத் தாங்கியபடி, வாயெல்லாம் பல்லாக அவனும் நின்றான். பக்கத்தில் யாரோ மலாயில் பேனாவால் குறித்திருந்தார்கள்: குடும்பங்கள் புதுமனை புகும் சடங்கைச் செய்து முடித்துவிட்டன. கீழே ஒரு தமிழ்ப் பேரில் கையெழுத்து. வேறு இனத்து அதிகாரியாக இருந்திருந்தால் யாரோ டீ போடுகிறார்கள் என்று நினைத்துத் தள்ளியிருப்பார். பார்த்தவர் நம் ஆள். பால் பொங்கினால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர். தெரிந்ததால்தான் மூடினார்.

"இது ருமா சொந்தோம்மா. ஆளுங்களுக்குக் காட்டுறதுக்கு வச்ச வீடு. ஒருத்தருக்கும் குடுக்கல."

"அப்ப ஏன் அங்கிள் பால் காய்ச்சுனீங்க?" ஷர்மினி குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. "மாதிரி வீட்டுல யாராச்சும் பால் காய்ச்சுவாங்களா?"

கனகராஜ் வாயைத் திறந்தான். இங்கிலீஷ்காரனின் ஆயிரம் வருஷத்துக் குடியிருப்பும் பவனமும் பூமியும் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. நுணலும் தன் வாயால் கெடும். தவளையாவது தான் மட்டும் கெடுகிறது.

"திரும்பத் தொறக்க என்னாம்மா பண்ணணும்?"

"வீடு குடுக்கலன்னு அந்தக் கம்பெனிகிட்ட ஒரு சூரத் வாங்கிட்டு வரணும்."

"கம்பெனியே இல்லியேம்மா."

"அதான் அங்கிள்…" என்று இழுத்தாள். "ரயுவான் போட்டுப் பாக்கலாம். நானே எழுதித் தாரேன். ஆனா மேலிடத்துல இருந்து பதில் வர எட்டு மாசம், பத்து மாசம் ஆவும்."

லயத்தை இடிக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. ரயுவான் மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவள் தன் கைப்பேசி எண்ணையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, கண்ணாடிக் கதவு வரைக்கும் கூட வந்தாள். கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கலாம். எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள்.

அடுத்த நாலு நாள் அவன் பண்ணாதது இல்லை. இரண்டு வக்கீலைப் பார்த்தான். காலம் கடந்துவிட்டது என்றார் ஒருவர். படம் இருக்கிறதே என்றார் மற்றவர். பத்திரிகைக்குப் போன் செய்தான். அந்த நிருபர் வேலையை விட்டுப்போய்ப் பத்து வருஷம் ஆகிறதாம். கட்சிக்காரர் ஒருவர் தோளில் தட்டி, வருகிற தேர்தலுக்குள் பார்ப்போம் என்றார். ஐந்தாம் நாள், காவல் கூண்டில், அகராதி இருந்த இழுப்பறையை அவன் திறக்கவே இல்லை. ஒரு கார் ஹாரன் அடித்தும் கட்டையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தான் என்று புகார் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சதாசிவத்தின் வேனை இரவல் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். சும்மா நாலு நாள் எங்களோடு வந்து இருக்கா என்று சொல்லிக் கூட்டிவந்துவிடலாம், உண்மையை மெதுவாகப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

போனால், செல்லாயி எல்லாவற்றையும் கட்டி வாசலில் வைத்திருந்தாள். இரண்டு துணி மூட்டை, ஒரு அரிசிப் பானை, சாமிப் படங்கள். கடைசி மூட்டைக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேன் எடுத்திட்டு வாரேன்னு சொன்னியே, அப்பவே தெரிஞ்சிருச்சு," என்றாள் நிமிராமல்.

அவனுக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"ஃபைல மூடிட்டாங்கக்கா. பாலு காய்ச்சுன படத்த வச்சுத்தான் மூடியிருக்காங்க. வீடு குடுத்தாச்சாம். நான்தான் காய்ச்சச் சொன்னேன். என்னாலதான் போச்சு. எல்லாரு வீடும் என்னாலதான் போச்சு."

செல்லாயி கயிற்றின் முனையைப் பல்லால் கடித்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். அப்புறம்தான் தம்பியைப் பார்த்தாள்.

"அது பொம்ம வீடுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா."

"என்னாக்கா சொல்ற?"

"அடுப்பு வைக்கிறதுக்கு முன்னால கொழாயத் தொறந்து பாத்தேன். காத்துதான் வந்துச்சு. பின்பக்கம் போயி பாத்தேன். கொழா மண்ணுக்குள்ள போவவே இல்ல, செவுத்தோட நின்னுருச்சு. கக்கூசு இருந்துச்சு, குழி இல்ல. அதுல ஒரு நாளும் எவனும் குடியிருக்க முடியாது. மேனேஜரு பல்லக் காட்டுறப்பவே எனக்கு வெளங்கிருச்சு."

"தெரிஞ்சேவா காய்ச்சுன? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போமேக்கா!"

"எப்படிடா சொல்லுவேன்? முப்பத்தி நாலு குடும்பத்துக்கு முன்னுக்கு அம்மாம்பெரிய புஸ்தகத்த வச்சுக்கிட்டு பேசுன. நம்மள வேல வாங்குன பெரிய மண்டோரு கூட வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டாரு. ஒன்னப் படிக்க வச்சதுக்கு அன்னைக்கு ஒரு நாளுதான் எனக்குப் பலன் கெடச்சிச்சு. அத நானே பொய்யின்னு சொல்லவா?"

கனகராஜ் அழுதான். ஐம்பத்தாறு வயது ஆண்பிள்ளை, சட்டை நனைய அழுதான். அவள் பக்கத்தில் வந்து நின்று, அவன் முடிக்கும் வரை வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருவருமாக மூட்டைகளை ஏற்றினார்கள். அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. வேன் படியில் கால் வைக்கவே கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

"ஒன் வீடு எத்தனாவது மாடி சொன்ன?"

"எட்டுக்கா."

"லிஃப்டு வேல செய்யுமா?"

செய்யும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. "இல்லக்கா. மாசக் கணக்கா நின்னு கெடக்கு," என்றான்.

செல்லாயி தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"அப்ப ஒரு வாட்டி ஏறிட்டா ஏறுனதுதான்," என்று சொல்லிவிட்டு, உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னாள்.